பத்திராதிபர் மேசையும் பேராசிரியர் பீடமும்

(பட்டிப்பொலையிலிருந்து ஒரு பழைய மாணவன்)

இலங்கைப் புகையிரதப் பாதையில் மிகவுயர்ந்த நிலையம் பட்டிப்பொல. இங்கிருந்து புறப்படும் வண்டி சிறிது தூரத்தில் மலையுச்சிச் சுரங்கத்துட் புகுந்து ஊவாப் பக்கம் இறங்கும். அவ்வழியே அப்புத்தளையை அடைந்தால், தோமஸ் லிப்டன் 1890 ஆம் ஆண்டளவில் வாங்கிய தோட்டத்தைக் காணலாம். “தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு” என்ற வாசகத்தால் உலகெங்கும் தேயிலை விற்றவர் அவர். விளம்பரக் கலையின் வரலாற்றை எழுதுவோர் அவரை விட்டு எழுதுதல் அரிது. எனினும் அவ்வாசகத்திலே தோட்டம் உண்டு, பாத்திரம் உண்டு, கொழுந்து பறித்த கை இல்லை.

இல்லாத அந்தக் கையை நினைக்குந்தோறும் பேராசிரியர் க. கைலாசபதி அவர்களின் நினைவும் எனக்கு உடன் வரும். 1933 இற் கோலாலம்பூரிற் பிறந்த அவர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பின்னர்க் கொழும்பு றோயல் கல்லூரியிலும் கற்றவர் என்பதை இம்மலரின் வாசகர்க்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பேராதனையிலே தமிழில் முதல் வகுப்பிற் சித்தியெய்தியவர், ‘தினகரன்’ பத்திரிகையிற் சேர்ந்து, இருபத்தாறு வயதளவில் அதன் ஆசிரியரானார். அப்பதவியில் அவர் இருந்த காலம் மிகக் குறுகியது. 1961 இற் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். ஆயினும் அவர் வாழ்வின் திறவுகோல் அந்தப் பத்திராதிபர் மேசையிலேயே கிடக்கிறது என்பது என் துணிபு.

பத்திராதிபரின் மேசைக்கு வரும் தபாலில் எழுதியவரின் குலமும் கோத்திரமும் தெரியா. கைலாசபதி அந்தத் தபாலை மதித்தார். சாதியாலும் வறுமையாலும் ஒதுக்கப்பட்டோரின் கதைகள், அவர்தம் பேச்சுமொழியிலேயே, நாளேட்டின் பக்கங்களில் இடம்பெற்றன. டானியல், டொமினிக் ஜீவா முதலியோர் எழுத்துக்குக் கிடைத்த ஆதரவை யாவரும் அறிவர். மலையக எழுத்தாளர்க்கும் அக்கதவு திறந்தேயிருந்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்துக்கு, நாட்டின் பெரிய நாளிதழிலே தம்மவர் ஒருவரின் பெயர் அச்சேறுவது அற்ப விஷயமன்று.

இனி, அவர் பேரறிஞராய் விளங்கியமைக்கு வருவோம். பேர்மிங்ஹாமிலே ஜோர்ஜ் தொம்ஸனின் கீழ் அவர் செய்த ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக நூலுருப் பெற்றது. சங்கச் செய்யுள்களைக் கிரேக்க வீரகாவியங்களோடும் பிறநாட்டு வாய்மொழிப் பாடல்களோடும் ஒப்புநோக்கிய நூல் அது. ஒரே தொடர்கள் திரும்பத் திரும்ப வருதலைப் புலவரின் வறட்சி என்று கருதாமல், ஏடின்றிப் பாடியவர்களின் தொழில்முறை என்று அவர் விளக்கினார். இதனைப் படித்த பின்னரே என் மாணவியின் பாட்டி பாடும் பாடல்களை நான் ஒழுங்காகக் கேட்கத் தொடங்கினேன். அதே அடி மீண்டும் வரும், ஊர்ப்பெயர் மட்டும் மாறும், கங்காணியின் பெயர் மாறும், ஏச்சு மாறாது! முன்பெல்லாம் அம்மூதாட்டிக்கு மறதி என்று நினைத்திருந்தேன். பாணர்க்குரிய நியாயத்தைத் தோட்டத்துக் கிழவிக்கும் வழங்கும்படி என்னைச் செய்தது ஓர் ஆராய்ச்சி நூல். மலைநாட்டு மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிவைத்த உழைப்பின் பெறுமதியும் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

அவரைக் குறைகூறினோரும் உளர். இலக்கியத்தைச் சமூகப் பயன் என்ற ஒரே கோலால் அளந்தார் என்று மு. தளையசிங்கம் போன்றோர் வாதிட்டனர். அவ்வாதத்தை முழுவதும் தள்ளிவிட என்னால் முடியாது. அவர் கோலுக்கு அகப்படாத நல்லெழுத்துச் சிலவும் இருக்கவே செய்தன. ஆனால் அக்கோல் இல்லாதிருந்தால் பலருடைய எழுத்து அளக்கப்பட்டே இராது.

1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். 1982 டிசம்பர் 6 ஆந் திகதி, ஐம்பது வயது நிறையுமுன், காலமானார். இன்று பல்கலைக்கழகக் கலையரங்கு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நினைவுப் பேருரைகளும் நிகழ்ந்துள்ளன. இவையெல்லாம் தக்கனவே. ஆயினும் பழைய மாணவர் சங்கத்தாரிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. அவர் பெயரால் இனி ஏதேனும் செய்வதாயின், படமொன்றைத் திறந்துவைப்பதற்கு முன், மலரொன்றின் நான்கு பக்கங்களைத் தோட்டப் பாடசாலை மாணவர்க்கு ஒதுக்குங்கள். தமிழைத் திருத்துகிறோமென்று அவர்கள் சொல்லை அழித்துவிடாமல் அச்சிடுங்கள். “எங்கள் கல்லூரி மலரில் அவர்களுக்கு எதற்கு இடம்?” என்று அன்பர் சிலர் வினவக்கூடும். 1959 இல் தினகரன் மேசையிலிருந்தவரை எவரேனும் இப்படிக் கேட்டிருந்தால், அவர் என்ன செய்திருப்பார் என்பதை அந்நாளைய இதழ்களே காட்டும்.

என் வகுப்புப் பிள்ளைகள் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டெழுதிய பாடல்கள் மூன்று கொப்பிகளில் இங்கு இருக்கின்றன. லீக்ஸ் பாத்தியிலே வேலை செய்துகொண்டே சொன்னவை ஆதலால் இடையிடையே மண் படிந்திருக்கிறது. மலர்க்குழுவினர் சம்மதித்தால் அடுத்த தபாலில் அனுப்பிவைப்பேன்.