பாடியவன் பங்கு

மேடையில் கூட்டம் அள்ளும், இசைத்தட்டு விற்காது. நான்கு தட்டுகள் போட்டும் மாட் த ஹூப்பில் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் நிலை இதுதான். 1972 மார்ச்சில் சுவிட்சர்லாந்தில், பழைய எரிவாயுத் தொட்டி ஒன்றை அரங்காக்கிய இடத்தில் வாசித்துவிட்டுக் கலைந்துவிடுவதென்று முடிவெடுத்தார்கள். பேஸ் கிதார் வாசித்த ஓவரெண்ட் வாட்ஸ் வேலை கேட்டுப் பாடகர் டேவிட் போவியிடம் பேசினார். அவரோ இந்தக் குழுவின் ரசிகர். கலைய வேண்டாம், பாட்டுத் தருகிறேன் என்றார்.

முதலில் தர முன்வந்தது ‘சஃப்ரஜெட் சிட்டி’யை. வேண்டாம் என்றுவிட்டார்கள்! மறுவேளைக்கு வழியில்லாத நிலையிலும் தனக்குப் பொருந்தாததை மறுக்கிற இந்த மிடுக்கை நமக்குப் பிடித்திருக்கிறது. அடுத்து, லண்டன் ரீஜன்ட் தெரு அலுவலகம் ஒன்றில் தரையில் சம்மணமிட்டு, கிதாரோடு போவி பாடிக்காட்டியது ‘ஆல் த யங் ட்யூட்ஸ்’. மே மாதம் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதிவு, ஜூலையில் வெளியீடு, பிரிட்டன் பட்டியலில் 3ஆம் இடம். நடுவே ஒரு கூத்து: பாட்டில் துணி திருடப்படும் கடையின் பெயர் விளம்பரமாகிவிடும் என்று பிபிசிக்காக அந்த வரியை மாற்றிப் பாட வேண்டியிருந்தது. திருட்டைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அரை நூற்றாண்டாக இந்தக் கதை போவியின் வள்ளல்தனமாகவே சொல்லப்படுகிறது. கொடை பெரிதுதான், அப்போது அவருக்கு வயது 25. ஆனால் பாட்டின் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். கோரஸ் சுழன்றுகொண்டிருக்க, பாடகர் இயன் ஹன்டர் பாடுவதை விட்டுப் பேசத் தொடங்குகிறார். கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒருவனைக் கூப்பிட்டு வம்புக்கு இழுக்கிறார். 33ஐ எட்டிக்கொண்டிருந்த, காலிக் கூடங்களையும் கேலிக்குரல்களையும் பார்த்து அலுத்த மனிதரின் குரல் அது. போவி எழுதித் தந்ததில் அது கிடையாது.

இந்தப் பாட்டு இளமைக் கீதம் அல்ல, உலகம் அழியப்போகிற சேதி என்று, 1974இல் வெளியான, எழுத்தாளர் வில்லியம் பர்ரோஸுடனான உரையாடலில் போவி விளக்கினார். விளக்கம் எடுபடவில்லை. லண்டனில் தன்பாலின ஈர்ப்பாளர்களின் முதல் பெருமிதப் பேரணி நடந்ததும் 1972 ஜூலையில்தான்; அந்தத் தலைமுறை இதைத் தங்கள் கீதமாக எடுத்துக்கொண்டது. ஹன்டர் தன்பாலின ஈர்ப்பாளர் அல்ல என்பது அதற்குத் தடையாக இருக்கவில்லை.

‘ட்யூட்ஸ்’ வெற்றிக்குப் பின் போவி கொடுத்த ‘டிரைவ்-இன் சாட்டர்டே’யையும் குழு மறுத்தது. 1973இல் சொந்தப் பாட்டுகளாலேயே பட்டியலில் ஏறியது.

‘ட்யூட்ஸ்’ பாட்டைப் போவியும் தன் குரலில் பதிந்தார். அந்த ஸ்டுடியோப் பதிவு 1990களில்தான் வெளியே வந்தது. சாக்ஸபோன் உண்டு, ஒழுங்கு உண்டு, உயிர் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, இது யாருடைய பாட்டு என்று நீங்களே சொல்லுங்கள். எங்கள் வாக்கு ஹன்டருக்கு.