மொழியைப் படிக்க அந்த ஊருக்குத்தான் போக வேண்டும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். ஆறு வாரம் லீவு போட்டுவிட்டு, குவாத்தமாலா நாட்டில் ஆன்டிகுவா என்ற மலை நகரத்தில் தங்கி ஸ்பானிஷ் படிக்க ஆசையாம். வீட்டில், “உனக்கென்ன பைத்தியமா? போனிலேயே சும்மா சொல்லித் தர்றானே” என்கிறார்களாம். “நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?” என்று கேட்டாள். அவள் சம்மதம் வாங்கித்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

நான் “போயிட்டு வா” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது உங்கள் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊரைப் பற்றி. ஆன்டிகுவா ஏறத்தாழ நம் ஏற்காட்டின் உயரத்தில், 1,500 மீட்டரில் இருக்கிறது. சுற்றிலும் எரிமலைகள். ஒரு காலத்தில் மத்திய அமெரிக்காவில் ஸ்பானியர் ஆட்சிக்குத் தலைநகரம் அதுதான். 1773இல் வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு தலைநகரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கல் பாவிய தெருக்களும் இடிந்த தேவாலயங்களும் அப்படியே நிற்கின்றன. 1979இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்று அந்த ஊரின் முக்கியமான பிழைப்புகளில் ஒன்று வெளிநாட்டாருக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பது. ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்று உட்கார்ந்து தினம் நாலு மணி நேரம் பாடம். தங்குவது அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில். சாப்பாடும் அவர்களோடுதான்.

இப்போது என் தொழில் கணக்குக்கு வருகிறேன். நம் வகுப்பில் 40 பிள்ளைகள், ஒரு பீரியட் 40 நிமிடம். டீச்சர் வாயே திறக்காமல் இருந்தாலும் ஒரு பிள்ளைக்குப் பேசக் கிடைப்பது ஒரு நிமிடம். வருடத்துக்கு 200 நாள் பள்ளி என்றால் 200 நிமிடம். அதாவது 3 மணி 20 நிமிடம். அங்கே ஒரு நாள் வகுப்பில் பாதி நேரம் அவள் பேசினாலே 2 மணி நேரம் ஆகிவிடுகிறது. நம் பிள்ளைக்கு ஒரு வருடத்தில் கிடைக்கிற பேச்சு, அவளுக்கு இரண்டே நாளில் கிடைத்துவிடும். இது போக, சாப்பாட்டு மேசை, கடைத்தெரு, பஸ் எல்லாம் கணக்கில் சேராத வகுப்புகள்.

இதை நம்புவதற்கு நீங்கள் குவாத்தமாலா வரை போக வேண்டியதில்லை. மதுரையில் நம்மோடு படித்த சௌராஷ்டிரப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். முதல் இரண்டிலும் சண்டை போடுவார்கள், கேலி பேசுவார்கள், பேரம் பேசுவார்கள். பன்னிரண்டு வருடம் படித்த மூன்றாவது மொழியில் ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் தரையைப் பார்ப்பார்கள். அதே பிள்ளை, அதே மூளைதான். முதல் இரண்டு மொழிகளுக்கும் ஒரு வீடும் ஒரு தெருவும் இருந்தன. ஆங்கிலத்துக்கு ஒரு புத்தகம் மட்டும் இருந்தது.

ஆன்டிகுவா செய்கிற வேலையை நம் மதுரையும் பல வருடமாகச் செய்துவருகிறது. அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் என்ற அமைப்பு ஜெய்ப்பூரில் இந்தியும், கொல்கத்தாவில் வங்காளமும், மதுரையில் தமிழும் நடத்துகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் இங்கே வந்து, நம் ஊர்க் குடும்பங்களோடு தங்கித் தமிழ் படிக்கிறார்கள். ‘போகிறேன்’ என்று எழுதவும், ‘போறேன்’ என்று பேசவும் இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றிலேயே தமிழ் வகுப்பு உண்டு. நல்ல பேராசிரியர்களும் உண்டு. ஆனாலும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்று “மேலூர் பஸ் எங்கண்ணே நிக்கும்?” என்று கேட்கிற பாடத்தை அங்கே யாராலும் நடத்த முடியாது. அதற்காகத்தான் கடல் தாண்டி வருகிறார்கள்.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. ரோமில் பிறந்த ராபர்ட் டி நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். ஆப்பும் இல்லை, அச்சிட்ட அகராதியும் இல்லை. சாப்பாட்டை மாற்றினார், உடையை மாற்றினார், இந்த ஊர்க்காரர்களிடமே பாடம் கேட்டார். தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு மூன்றும் கற்றார். தத்துவ போதகர் என்ற பெயரோடு தமிழ் உரைநடையிலேயே நூல்கள் எழுதினார். அவர் வந்த நோக்கம் சமயம். அதைப் பற்றி இங்கே பேச வரவில்லை. மொழியைப் பிடித்த முறையை மட்டும் பாருங்கள்.

சரி, அந்தப் பெண்ணுக்குச் சில நிபந்தனைகளும் சொன்னேன். வெளிநாட்டில் மொழி படிக்க நினைக்கும் மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கிப் போகாதே. சேமிப்பு இருந்தால் போ. விசா விவரத்தையும், அந்த ஊரின் பாதுகாப்பு நிலவரத்தையும் முதலில் விசாரி.

போகும் முன் அடிப்படையை இங்கேயே முடித்துவிடு. டெல்லியில் ஸ்பெயின் அரசின் செர்வான்டெஸ் நிறுவனம் இருக்கிறது. அவர்கள் நடத்தும் டெலே தேர்வுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. முதல் படிக்கான சொற்களும் எண்களும் தெரிந்துகொண்டு போனால், அங்கே போய் எழுத்துக்கூட்டுவதில் ஒரு வாரம் வீணாகாது. போனில் இருக்கிற ஆப்பின் வேலையும் இதுவரைக்கும்தான். அது உன்னைத் திருத்தும். ஆனால் உன் பதிலுக்காகக் காத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிற மனுஷி அது இல்லையே.

அங்கே போய் இந்தியர்களைத் தேடாதே. சாம்பாரையும் தேடாதே. கறுப்பு பீன்ஸும் சோள ரொட்டியும் ஆறு வாரத்தில் யாரையும் ஒன்றும் செய்துவிடாது.

“ஸ்பானிஷ் எதுக்குங்க?” என்று கேட்கும் சித்தப்பாமார்களுக்கும் ஒரு பதில். சுமார் இருபது நாடுகளில் அது ஆட்சிமொழி. அமெரிக்காவில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி அதிகம் பேசப்படும் மொழியும் அதுதான். வேலைக்கு உதவும். உதவாவிட்டாலும் தவறில்லை. நாம் நகைக்குச் செலவு செய்யும்போது யாரும் பயன் கேட்பதில்லையே.

இனி உறவுகளுக்கு. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

என் தங்கை பேரன் டல்லாஸில் வளர்கிறான். பள்ளியில் ஸ்பானிஷ் எடுத்திருக்கிறான். அடுத்த வீட்டு மெக்சிகோக்காரப் பாட்டியிடம் நின்று கதை பேசுவானாம். வீடியோ காலில் அவன் அம்மா பெருமையாகச் சொன்னாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதே காலில் சொந்தப் பாட்டி “சாப்டியாப்பா?” என்று கேட்டால், “யெஸ்” என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுக்கிறான். அதற்கு மேல் பேச என் தங்கைக்கு இங்கிலீஷ் வராது, அவனுக்குத் தமிழ் வராது.

ஆன்டிகுவாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் கக்சிகெல் என்று ஒரு மாயன் மொழி உண்டு. அங்கேயும் பல வீடுகளில் பாட்டிக்கு அந்த மொழி, பேரப்பிள்ளைக்கு ஸ்பானிஷ். உலகம் பூராவும் ஒரு மொழி வீட்டை விட்டுப் போவது இப்படித்தான். பாட்டியோடு நின்றுபோகிறது.

வெளிநாட்டில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. சம்பளம் இல்லாமல் செய்கிற தொண்டு. ஆனால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் எழுத்து படித்த பிள்ளை, ‘நான் உணவு உண்கிறேன்’ என்று எழுதும். பாட்டி “சோறு போடவா?” என்றால் விழிக்கும். அந்தப் பள்ளி நம் வகுப்பறை மாதிரி. அதற்கு ஒரு தெரு வேண்டும். அந்தத் தெரு இங்கே இருக்கிறது.

எங்கிருந்தோ வரும் மாணவர்கள் பணம் கட்டி, நம் வீடுகளில் தங்கித் தமிழ் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த வீடு சொந்தமாகவே இருக்கிறது. அதனால் என் வேண்டுகோள் இவ்வளவுதான். கோடை விடுமுறைக்கு வரும்போது பத்து நாளில் ஆறு ஊர் சுற்றிவிட்டு ஓடாதீர்கள். முடிந்தால் நாலு வாரமாவது பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் வேண்டுமானால் உங்கள் வேலையைப் பார்க்கப் போங்கள். பக்கத்தில் அம்மா இருக்கும்வரை பிள்ளை மொழிபெயர்ப்பாளரைத் தேடும்.

இங்கே இருக்கிற தாத்தா பாட்டிகளே, அக்கா தங்கைகளே, உங்களுக்கும் ஒன்று. பிள்ளை திணறுகிறதே என்று நாமே “கம், சிட், ஈட்” என்று ஆரம்பித்துவிடக் கூடாது. தமிழிலேயே பேசுங்கள், மெதுவாகப் பேசுங்கள், சிரித்துக்கொண்டே பேசுங்கள். தப்பாகச் சொன்னால் நாலு பேர் முன்னால் சிரித்துக் காட்டாதீர்கள். கடைக்கு அனுப்பிக் கொத்தமல்லி வாங்கிவரச் சொல்லுங்கள். கறிவேப்பிலையோடு வந்தால் மறுபடி அனுப்புங்கள். முதல் வாரம் அழும். இரண்டாம் வாரம் தெருப் பிள்ளைகளோடு சேரும். அதற்கப்புறம் நீங்கள் வாயை மூடச் சொல்ல வேண்டியிருக்கும்.

வெயிலைச் சொல்லித் தள்ளிப் போடாதீர்கள். மதுரை வெயிலில் அமெரிக்க மாணவர்கள் தமிழ் படித்துவிட்டுப் போகும்போது, நம் பேரப்பிள்ளைகள் மட்டும் உருகிவிட மாட்டார்கள்.

யார் யார் வீட்டுப் பிள்ளைகள் இந்த வருடம் வருகிறார்கள் என்று கீழே சொல்லுங்கள். மதுரையில் தங்க இடமில்லாதவர்கள் இருந்தால் என் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்