பந்தைப் பார்க்காமல் பழகுவது

கூடைப்பந்து மெட்ச் பார்க்கிற நாங்க எல்லாரும் பந்தைத்தான் பார்க்கிறோம். நடுவராகப் பழகப் போகிறவர் முதலில் விட வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான்.

1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே ஒருவருக்கு ஆட்களைப் பார்க்கிற வேலை, இன்னொருவருக்குப் பந்தைப் பார்க்கிற வேலை. இன்றைக்கும் இரண்டு நடுவர் நின்றால், பந்து ஒருவரின் பக்கம் இருக்கும்போது மற்றவர் பந்து இல்லாத இடத்தைக் கவனிக்கணும். யார் ஜேர்சியை இழுக்கிறது, ஸ்கிரீன் போடுபவர் அசைகிறாரா, வளையத்துக்குக் கீழ யார் 3 செக்கனுக்கு மேல நிற்கிறது. சனம் இதில் ஒன்றையும் காணாது. விசில் ஊதினதும் "சேர், கண் தெரியல்லையா?" என்று கத்தும்.

பழகுறவருக்குக் கைச் சைகையே பெரும்பாடு. பவுல் என்றால் மூடிய முஷ்டி, மற்ற விதிமீறல்களுக்கு விரித்த கை. மண்டைக்குத் தெரியும், கை பிந்தி வரும். இதுக்குள்ள 2017இல் ஃபிபா விதியை மாத்தினது. ஓடியபடி பந்தைப் பிடிக்கும்போது தரையில் இருக்கிற கால் கணக்கில் வராது, அதுக்குப் பிறகுதான் இரண்டு அடி. வெளியில் நிற்கிறவர் மூன்று எண்ணி "ட்ரவலிங்!" என்பார். ஊதாமல் நிற்கிற பிள்ளைதான் சரி. ஆனா ஏச்சு அவளுக்குத்தான். நாலு மெட்ச் இப்படிப் போனா யார் திரும்பி வருவாங்க?

மட்டக்களப்புக்குக் கூடைப்பந்தில் பழைய பெயர் இருக்கு. லூசியானாவில் இருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரி அணிகளைப் பயிற்றுவித்த இயேசு சபைக் குரு யூஜின் ஹெபர்ட்டை இன்றும் பேசுறாங்க. 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையில் இருந்து திரும்பும்போது, கூட வந்த இளைஞரோடு காணாமல் போனார். வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குப் போகிற வீதி எங்கட சித்தாண்டி ஊடாகத்தான் போகுது. பயிற்றுநரை நினைவு வைச்சிருக்கிறோம், ஆடியவர்களையும் வைச்சிருக்கிறோம். அந்த மெட்ச்களுக்கு விசில் ஊதியவர்களில் ஒரு பெயராவது யாருக்காவது வாயில வருமா?

என்ட கருத்து இதுதான்: அணியில் இருக்கிற ஒவ்வொருத்தரும், தங்கச்சிமாரும் சேர்த்து, பயிற்சி மெட்ச் ஒன்றிலாவது விசில் எடுக்கணும். நடுவர்கள் வருவதற்காக மட்டும் சொல்லல்ல. ஒருக்கா ஊதினவன் மறுகா கத்துறதுக்கு முன்னால கொஞ்சம் யோசிப்பான். பார்க்க வாறவங்களும் அடுத்த மெட்சில ஐந்து நிமிஷம் பந்தை விட்டுட்டு, மற்ற ஆட்களை மட்டும் பார்த்துப் பாருங்க. எத்தனை பவுல் எண்ணினீங்க என்று பிறகு கதைப்போம்.