சமூக அறிவியல் வகுப்பும் பி.எட். டீச்சரும்

"இது பரீட்சைக்கு வருமா மிஸ்?"

உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கப் போகும் எந்தப் பயிற்சி ஆசிரியரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் கேள்வி இது. பிள்ளைகள் குறும்புக்காகக் கேட்பதில்லை. பள்ளிக்கூடம் அவர்களுக்குப் பழக்கிவிட்ட ஒரே சமூக அறிவியல் கேள்வி அதுதான். பாடத்தின் பின்னால் உள்ள வினாக்கள், கோடிட்ட இடம், பொருத்துக, வரைபடத்தில் குறிக்க நாலைந்து இடங்கள்... இவ்வளவையும் மனப்பாடம் செய்தால் பாஸ். முன்னால் இருக்கும் பாடத்தைப் படித்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன?

இந்த நிலையில்தான் பி.எட். மாணவர் வகுப்புக்குள் அனுப்பப்படுகிறார். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளால் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. குறைந்தது 20 வாரங்கள் பள்ளியில் இருக்க வேண்டும், அதில் 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டில். காகிதத்தில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. நடப்பதோ வேறு. லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டது! விடைத்தாள் திருத்த, மார்க் ஏற்ற, வரிசையில் பிள்ளைகளை நிறுத்த ஓர் ஆள். மிச்ச நேரத்தில் பாடத்திட்டம் எழுதி, சார்ட் ஒட்டி, ரெக்கார்டு நோட்டை நிரப்ப வேண்டும். ஊக்குவித்தல், பாடவளர்ச்சி, மீள்பார்வை, மதிப்பீடு, வீட்டுப்பாடம் எனக் கட்டம் கட்டமாக எழுதியது அழகாக இருந்தால் மதிப்பெண். வகுப்பில் எத்தனை பேர் விழித்திருந்தார்கள் என்பதற்கு அந்த நோட்டில் கட்டமே இல்லை.

சரி, இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பயிற்சி ஆசிரியை உண்மையிலேயே பாடம் நடத்த முயன்றால் என்ன ஆகும்? உள்ளாட்சிப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். உள்ளாட்சி என்றாலே உத்திரமேரூர்க் கல்வெட்டு வந்துவிடும். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் இருந்தது" என்று பெருமையாக முடித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்.

ஆனால் அதே கல்வெட்டு தகுதிகளையும் சொல்கிறது. வயது 35க்கு மேல், 70க்குள். வரி செலுத்தும் கால் வேலி நிலம் சொந்தமாக வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேத அறிவு வேண்டும். அது பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. அப்படியானால் அந்த நிலத்தை உழுதவனின் பெயர் குடத்துக்குள் போயிருக்குமா? அவன் மனைவியின் பெயர்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். கணக்குக் காட்டாத பழைய உறுப்பினரும் அவருடைய உறவினர்களும் மறுபடி நிற்கக் கூடாது என்று அதே கல்வெட்டில் இருப்பதைச் சொன்னால், "எங்க ஊர்ல இந்த ரூல் இருந்தா ஒருத்தரும் நிக்க முடியாது மிஸ்" என்று ஒரு குரல் நிச்சயம் வரும். சமூக அறிவியல் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. "சத்தம் போடாதே" என்ற அதட்டலும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விழுகிறது.

இன்னும் ஓர் அடி முன்னே வைத்தால் ஆபத்து. 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது, தலித்துகளுக்கு இடஒதுக்கீடு வந்தது என்று மாணவர் எழுதினால் மதிப்பெண் உண்டு. 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் ஏன் வெட்டிக் கொல்லப்பட்டார், பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் ஒருவர் முறையாகப் பதவியில் இருக்க முடியாமல் போனது ஏன் என்று பேசினால், "ஜாதியெல்லாம் கிளாஸ்ல பேசாதீங்கம்மா, பிரச்னை வரும்" என்பார்கள். பையன்கள் கையில் ஜாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதைப் பேசாமல் வேறு எங்கே பேசுவது? பிரச்னை பேச்சால் வருவதா, அல்லது பேசாமலே விட்டதால் வந்து நிற்பதா?

வகுப்பாசிரியரை மட்டும் குற்றம் சொல்வது சுலபம், நியாயமில்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பத்தாம் வகுப்பில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என நான்கையும் ஒரே ஆள் முடித்தாக வேண்டும். "முதல்ல போர்ஷனை முடிங்க, அப்புறம் விவாதம்" என்று அவர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அந்த "அப்புறம்" ஒருநாளும் வருவதில்லையே! போர்ஷன் முடிந்ததும் திருப்புதல் தேர்வு, அது முடிந்ததும் இன்னொரு திருப்புதல் தேர்வு. நடுவில் கிடைக்கும் சோஷியல் பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார்.

வழி இல்லாமல் இல்லை. பயிற்சிக்கு வருபவரிடம் ஒரே ஒரு பாடத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒப்படைக்கலாம். அந்தப் பாடத்துக்காவது பிள்ளைகளைக் கிராம சபைக்கு அனுப்பி, என்ன நடந்தது என்று எழுதச் சொல்லலாம். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நாட்கள் இருக்கின்றன, செலவு ஒரு பைசா இல்லை. ரெக்கார்டு நோட்டுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை, அந்த வகுப்பில் மாணவர்கள் கேட்ட கேள்விகளைப் பார்த்துக் கொடுக்கலாம். வினாத்தாளிலும் மனப்பாடத்தால் எழுத முடியாத ஒரு கேள்வியாவது இருக்கட்டும். இருந்தால், "பரீட்சைக்கு வருமா?" என்று கேட்கும் பிள்ளையிடம் தைரியமாக "வரும்" என்று சொல்லலாம்.

இதையெல்லாம் செய்யாமல் 16 வாரங்கள் என்ன, 60 வாரங்கள் அனுப்பினாலும் ஒன்றும் ஆகாது. கேள்வி கேட்கத் தெரிந்த இளைஞர் பயிற்சிக்குப் போவார். கேள்வி கேட்கும் பையனை "உட்கார்" என்று சொல்லப் பழகிய ஆசிரியராகத் திரும்பி வருவார். அவரிடம் படிப்பவர்கள் 18 வயதில் ஓட்டுப் போடப் போவார்கள்.