சில ரூபாய் மாத்திரை, தவறவிடப்படும் இரு வாரங்கள்: பச்சிளங்குழந்தைகளின் தைராய்டு பரிசோதனை கட்டாயமாவது எப்போது?

அரிய நோயால் பாதிக்கப்பட்ட குழந்தைக்குப் பல கோடி ரூபாய் மதிப்பிலான மருந்து தேவை என்ற வேண்டுகோள்கள் அவ்வப்போது நாட்டின் கவனத்தை ஈர்க்கின்றன. முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான மரபணு சிகிச்சை அதற்கு உதாரணம். 2021-ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்ட மத்திய அரசு, நோயாளி ஒருவருக்கான நிதியுதவி உச்சவரம்பை 2022-இல் ரூ.50 லட்சமாக உயர்த்தியது. இந்த விவாதம் அவசியமானதே. எனினும், அதைவிட அதிகக் குழந்தைகளைப் பாதிக்கும், நாளொன்றுக்குச் சில ரூபாய் செலவில் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு குறைபாடு குறித்து அரிதாகவே பேசப்படுகிறது. அதுவே பிறவித் தைராய்டு குறைபாடு.

கழுத்தின் முன்பகுதியில் உள்ள தைராய்டு சுரப்பி உருவாகாமலோ, சரியான இடத்தில் அமையாமலோ, போதிய அளவு ஹார்மோனைச் சுரக்காமலோ இருப்பதால் இந்தக் குறைபாடு ஏற்படுகிறது. வாழ்வின் முதல் 2, 3 ஆண்டுகளில் மூளை வளர்ச்சிக்கு இந்த ஹார்மோன் இன்றியமையாதது. பிறந்த இரு வாரங்களுக்குள் சிகிச்சையைத் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்து, படித்து, இயல்பான வாழ்க்கை வாழ்வர். மாதக்கணக்கில் தாமதித்தால் ஏற்படும் அறிவுத்திறன் பாதிப்பைப் பின்னர் முழுமையாகச் சரிசெய்ய இயலாது.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடு

கருவில் இருக்கும்போது தாயின் ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாக ஓரளவு கிடைப்பதால், பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிறக்கும்போது நலமாகவே காணப்படுகின்றனர். நீடிக்கும் மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், பால் குடிப்பதில் ஆர்வமின்மை, அதிகத் தூக்கம், கரகரப்பான அழுகுரல், பெரிய நாக்கு, தொப்புள் புடைப்பு போன்ற அறிகுறிகள் வெளிப்படுவதற்குள் முக்கியமான நாள்கள் கடந்துவிடுகின்றன. "சமர்த்துக் குழந்தை, அழுவதே இல்லை" என்று குடும்பத்தினர் மகிழ்வதும் உண்டு. ஆகவே, ரத்தப் பரிசோதனை ஒன்றே நம்பகமான வழி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் பல மையங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், சுமார் 1,130 குழந்தைகளில் ஒருவருக்கு இக்குறைபாடு கண்டறியப்பட்டது. நாட்டில் ஆண்டுதோறும் 2 கோடிக்கும் அதிகமான குழந்தைகள் பிறப்பதைக் கணக்கிட்டால், பாதிக்கப்படுவோர் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 20,000 ஆகிறது.

விருப்பத்துக்கு விடப்பட்ட பரிசோதனை

ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. பிறப்பு முதல் 18 வயது வரையிலானோருக்கான அதன் பட்டியலில் பிறவித் தைராய்டு குறைபாடு இடம்பெற்றுள்ளது. ஆனால், மாநிலங்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பிரிவில் அது வைக்கப்பட்டுள்ளது. பிறந்த குழந்தையைக் கண்ணால் பார்த்துக் குறைகளைக் கண்டறியும் நடைமுறையில் இது சிக்குவதில்லை.

கோவா 2008-இலேயே பச்சிளங்குழந்தைகளுக்கான ரத்தப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. கேரளத்தின் அரசு மருத்துவமனைகளிலும் இந்தப் பரிசோதனை நடைமுறையில் உள்ளது. ஆனால், நாடு முழுவதற்குமான கட்டாயத் திட்டம் இல்லை. இதனால், குழந்தை பிறக்கும் மாநிலமும் மருத்துவமனையுமே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் நிலை உள்ளது.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. பிறந்தவுடன் டி.எஸ்.எச். அளவு இயல்பாகவே உயர்வதால், 48 மணி நேரத்துக்குப் பிறகு குதிகாலில் இருந்து ரத்தத் துளி எடுப்பதே சிறந்தது. பல தாய்மார்கள் அதற்கு முன்பே வீடு திரும்பிவிடுகின்றனர். இதற்கு மாற்றாகத் தொப்புள்கொடி ரத்தத்தைப் பரிசோதிக்கலாம். முடிவைச் சில நாள்களுக்குள் பெற்றோரிடம் சேர்ப்பதும், குழந்தையை மீண்டும் வரவழைத்து உறுதிசெய்வதும் பெரிய சவால். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி ஏறத்தாழ 89 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. ரத்த மாதிரி சேகரிக்கும் வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வகங்களும் தொடர் கண்காணிப்புமே தேவை.

பெற்றோர் கவனத்துக்கு

மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பும் முன், குழந்தைக்கு டி.எஸ்.எச். பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேட்டு, முடிவை எழுத்துப்பூர்வமாகப் பெறுவது நல்லது. குறைமாதக் குழந்தைகளுக்கு மறுபரிசோதனை தேவைப்படலாம். முடிவு இயல்பாக இருந்தாலும், மேற்கண்ட அறிகுறிகள் தென்பட்டால் மருத்துவரை அணுக வேண்டும்.

குறைபாடு உறுதியானால், எடைக்கேற்ப மருத்துவர் பரிந்துரைக்கும் லெவோதைராக்ஸின் மாத்திரையைப் பொடித்து, சிறிதளவு தாய்ப்பாலிலோ நீரிலோ கலந்து தினமும் கொடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மருந்துகளை அதனுடன் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. குழந்தை நலமாக இருப்பதாகக் கருதி மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தானது. சிலருக்குக் குறைபாடு தற்காலிகமானதாக இருக்கலாம். அதை 3 வயதுக்குப் பிறகு மருத்துவரே பரிசோதித்து முடிவு செய்வார்.

லெவோதைராக்ஸின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளது. மருந்து எளிதில் கிடைக்கும் நிலையில், அது தேவைப்படும் குழந்தையை உரிய நேரத்தில் கண்டறியும் பரிசோதனையை எல்லா மாநிலங்களிலும் கட்டாயமாக்குவதே மத்திய, மாநில அரசுகள் எடுக்க வேண்டிய அடுத்த முடிவு.