ஆற்றுப்படுத்தும் அறைக் குறிப்புகளும் முதற்கட்ட மதிப்பீடும்: எங்கள் நிலைப்பாடு

பெங்களூருவில் கூர்நோக்கு இல்லங்களிலும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலும், இளைஞர் நீதிக் குழுமங்களோடு இணைந்தும் வேலை செய்யும் நன்னடத்தை அலுவலர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், சமூகப் பணியாளர்கள் சார்பில் எங்கள் சங்கத்தின் செயற்குழு இந்த அறிக்கையை வெளியிடுகிறது. ஆற்றுப்படுத்தும் குறிப்புகளைக் கேட்டு வந்து, இதை எழுத வைத்த கடிதமும் அதன் பிறகு கூட்டங்களில் நடந்த வாக்குவாதமும் உறுப்பினர்கள் அறிந்தவை. அவற்றை இங்கே மறுபடி விவரிக்கவில்லை.

கேள்வி இதுதான். கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வயது வந்தவரைப் போல விசாரிக்கலாமா என்று முடிவு செய்ய, இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 15ஆம் பிரிவு முதற்கட்ட மதிப்பீடு ஒன்றைக் கோருகிறது. அந்த மதிப்பீட்டுக்காக, இல்லத்தில் அந்தப் பிள்ளைக்கு ஆற்றுப்படுத்துதல் செய்தவரின் குறிப்புகளைக் கேட்கலாமா? அவரையே மதிப்பீடு செய்யச் சொல்லலாமா?

கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. செயற்குழுவின் மிகப் பெரும்பான்மையோர் இதை ஏற்றனர். மாற்றுக் கருத்துடையோர் கேட்ட திருத்தம் ஒன்று கீழே சேர்க்கப்பட்டுள்ளது.

1. எங்கள் வேலை எதுவோ அதை நாங்கள் மறுக்கவில்லை

பிள்ளை முதன்முதலாகக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. அதற்காக நன்னடத்தை அலுவலர் வீட்டுக்குப் போகிறார், பள்ளிக்குப் போகிறார், தாயிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பேசுகிறார், படிவம் 6-ஐ நிரப்புகிறார். இந்த அறிக்கை குழுமத்துக்குப் போகும் என்பதைப் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். அதில் ஒளிவுமறைவு இல்லை. இந்த வேலை வழக்கம்போலத் தொடரும். தனிநபர் பராமரிப்புத் திட்டமும் அப்படியே.

2. ஆற்றுப்படுத்தும் அறை வேறு

காவல் நிலையத்திலிருந்து வரும் பையன் முதல் சில நாட்கள் பேசுவதில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறான், அல்லது அங்கே பலமுறை சொல்லிப் பழகிய கதையையே நமக்கும் ஒப்பிக்கிறான். சாப்பாடு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா, அம்மா பார்க்க வந்தாளா என்ற பேச்சிலேயே நாட்கள் போகின்றன. பிறகு ஒரு நாள், நாம் கேட்காமலே, ஏதோ ஒன்றைச் சொல்கிறான். போதைக்காகச் சொல்யூஷன் முகரத் தொடங்கியது எந்த வயதில், அந்தத் தெருவில் யாருக்குப் பயந்து யாரோடு சேர்ந்தான், அப்பா அடித்த அடி, சின்ன வயதில் தனக்கு நேர்ந்த கொடுமை. அன்று இரவு என்ன நடந்தது என்பதும் சில நேரம் அதில் வரும். செத்துவிடலாம் என்று தோன்றுவதாகவும் சிலர் சொல்வார்கள்.

இதையெல்லாம் அவன் சொல்வதற்கு ஒரே காரணம், நீ சொல்வது இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று நாம் கொடுத்த வாக்கு. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வேன் என்பதையும் முன்கூட்டியே அவனிடம் சொல்லியிருக்கிறோம். அந்தக் குறிப்பேட்டை எடுத்துக் குழுமத்தின் மேசையில் வைப்பது நம்பிக்கைத் துரோகம். சட்டத்தின் பெயரால் செய்தாலும் துரோகம் துரோகம்தான்.

15ஆம் பிரிவு மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: குற்றம் செய்வதற்கான மன, உடல் திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல், குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சூழ்நிலை. இந்த மதிப்பீடு விசாரணை அல்ல என்று அந்தப் பிரிவே விளக்கம் தருகிறது. பிள்ளை குற்றமற்றவன் என்ற அனுமானத்தைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு முதல் கோட்பாடாக வைக்கிறது. எந்தச் சாட்சியும் விசாரிக்கப்படாத கட்டத்தில், ‘நீ எப்படிச் செய்தாய், ஏன் செய்தாய்’ என்று கேட்டு எழுதி வாங்கினால் அந்த அனுமானம் எங்கே மிஞ்சும்? வழக்கறிஞர் பக்கத்தில் இல்லாத அறையில், அக்கா என்றும் சார் என்றும் அவன் கூப்பிடும் ஒருவர் வழியாக அதை வாங்குவது இன்னும் மோசம்.

குழுமத்தின் முன் வைக்கப்படும் அறிக்கைகள் இரகசியமானவை என்று 99ஆம் பிரிவு சொல்கிறது, ஆகவே பயப்பட வேண்டாம் என்று எங்களுக்குப் பதில் வந்தது. அந்தப் பிரிவு அறிக்கைகளைப் பற்றியது. ஆற்றுப்படுத்தும் குறிப்புகளை அறிக்கையாக மாற்றித் தர வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

இதில் இழப்பது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். வயது வந்தவராக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெறும் பிள்ளை, 21 வயதுவரை பாதுகாப்பு இடத்தில் இருந்துவிட்டுச் சிறைக்கு மாற்றப்படலாம். மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் 24ஆம் பிரிவின் பாதுகாப்பு, அதாவது தண்டனையால் வரும் தகுதியிழப்பிலிருந்து விடுதலை, அவனுக்குக் கிடையாது. வேலைக்கும் படிப்புக்கும் போகும் இடமெல்லாம் அந்தப் பதிவு கூடவே வரும். தான் நம்பிச் சொன்ன ஒரு வாக்கியம் அந்தக் கதவைத் திறந்தது என்று அவனுக்குத் தெரிந்தால், அவனும் பேசமாட்டான், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனும் பேசமாட்டான். இல்லத்தில் இந்தச் செய்தி ஒரே இரவில் பரவும் என்பதை உள்ளே வேலை செய்த எவரும் அறிவர்.

பேசாத இல்லம் ஆபத்தான இல்லம். 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பிள்ளை ஒருவன் தாக்கப்பட்டு இறந்தான். இல்ல ஊழியர்கள் 6 பேர் கைது செய்யப்பட்டனர். அதன் பிறகு தமிழ்நாடு அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்து இல்லங்களின் நிலையை ஆராயச் செய்தது. அது தமிழ்நாட்டு விவகாரம் என்று நாம் விலகிக்கொள்ள முடியாது. உள்ளே அடி விழுந்தால் ஒரு பிள்ளை போய்ச் சொல்ல யாராவது ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் குழுமத்துக்குத் தகவல் எடுத்துத் தருபவர் என்று பெயர் வாங்கிவிட்டால் அவனுக்கு ஆளில்லை. இதை அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதுவோர் யோசித்தார்களா என்று கேட்கிறோம்.

3. ‘வேறு வழியில்லை’ என்ற வாதம்

நிபுணர் கிடைப்பதில்லை, 3 மாதக் கெடு முடிகிறது, அதனால்தான் இல்ல ஊழியரைக் கேட்கிறோம் என்கிறார்கள் குறிப்புகளைக் கேட்போர். இது செல்லாது.

பருண் சந்திர தாக்கூர் வழக்கில் 2022 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. குழந்தை உளவியலிலோ மனநல மருத்துவத்திலோ தகுதி பெற்றவர் குழுமத்தில் இல்லையென்றால், நிபுணரின் உதவியைப் பெறுவது கட்டாயம் என்றது. தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் இதற்கான வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. நிபுணர் என்றால் அந்தப் பிள்ளையைச் சிகிச்சை நோக்கில் சந்திக்காத, சார்பற்ற ஒருவர் என்றே நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

கெடு பற்றியும் சொல்லிவிடுகிறோம். 2024 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு நம் கர்நாடகத்திலிருந்தே போனது. 3 மாதம் என்பது மீற முடியாத எல்லை அல்ல, காரணம் பதிவு செய்து நீட்டிக்கலாம் என்று அதில் சொல்லப்பட்டது. பிள்ளையை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருக்க இதைச் சாக்காக்கக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறோம். ஆனால் கெடுவைக் காட்டி எங்கள் குறிப்பேட்டைக் கேட்பதற்கு இனி இடமில்லை. குழந்தை மனநலத்துக்கென்றே தனித்துறை வைத்திருக்கும் நிம்ஹான்ஸ் ஒசூர் சாலையில் இருக்கிறது. இந்த ஊரிலேயே நிபுணர் இல்லை என்றால் வேறெங்கே இருப்பார்?

4. மற்றவை

15ஆம் பிரிவே நீக்கப்பட வேண்டுமா என்பதில் உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அது மறுஆய்வு செய்யப்படுவது விரும்பத்தக்கது என்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறோம்.

பாதிக்கப்பட்டவர்களின் துயரத்தை நாங்கள் சிறிதாக்கவில்லை. விரைவான, நேர்மையான விசாரணைக்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

2024-இல் புனே கார் விபத்து வழக்கில் 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லிச் சிறுவனுக்கு ஜாமீன் தந்ததும், 2025 மே மாதம் ஹுப்பள்ளியில் பள்ளிச் சிறுவன் ஒருவன் மற்றொரு சிறுவனால் கத்தியால் குத்தப்பட்டு இறந்ததும் மக்களைக் கொதிக்க வைத்தன. அந்தக் கொதிப்பு எங்களுக்குப் புரிகிறது. அதன் பாரம் நல்ல வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் மேலேயே வந்து விழுகிறது என்பது எங்கள் அனுபவம்.

மதிப்பீடு பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் நடக்க வேண்டும். தமிழோ உருதுவோ தெலுங்கோ பேசும் பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் எங்களில் பலர் ஒப்பந்தப் பணியாளர்கள். புதுப்பிக்கமாட்டார்களோ என்ற பயம், எந்த அதிகாரியும் வாயைத் திறக்காமலேயே எங்களைப் பணிய வைக்கிறது. நியாயமான ஊதியமும் பணிப் பாதுகாப்பும் பற்றித் தனி மனு தரப்படும்.

5. கோருவது

ஆற்றுப்படுத்தும் குறிப்புகளை முதற்கட்ட மதிப்பீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை எழுத்தில் ஆணை வெளியிட வேண்டும்.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இல்ல ஊழியர் அல்லாத நிபுணர் பட்டியல் வேண்டும், அவர்களுக்கான கட்டணத்துக்கு நிதியும் வேண்டும்.

மதிப்பீட்டுக்கு முன்பே பிள்ளைக்கு வழக்கறிஞர் கிடைத்திருப்பதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உறுதிசெய்ய வேண்டும்.

சேர்க்கப்பட்ட திருத்தம்: ஆற்றுப்படுத்துநருக்குத் தெரிந்த ஏதேனும் ஒன்று பிள்ளைக்குச் சாதகமாக அமையும் எனத் தோன்றினால், பிள்ளையும் அவனுடைய வழக்கறிஞரும் எழுத்தில் கேட்டுக்கொண்டால் மட்டும், அந்த அளவுக்கு மட்டும், அதைத் தெரிவிக்கலாம். இதைக் கேட்கும் உரிமை பிள்ளையுடையது. குழுமத்துக்கோ காவல்துறைக்கோ அது கிடையாது.

6. உறுப்பினர்களுக்கு

வாய்மொழியாகக் குறிப்புகளைக் கேட்டால் தர வேண்டாம். எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். எழுத்தில் வந்தால் இந்த அறிக்கையை இணைத்து, சட்டத்தின் 3ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, மரியாதையாக மறுத்துப் பதில் எழுதுங்கள். குழுமமே ஆணையிட்டால் அன்றே செயற்குழுவுக்கும் பிள்ளையின் வழக்கறிஞருக்கும் தெரிவியுங்கள். மேல்முறையீட்டுக்கான சட்ட உதவியைச் சங்கம் ஏற்பாடு செய்யும். மறுத்த காரணத்துக்காக யாருடைய ஒப்பந்தமாவது நிறுத்தப்பட்டால், அதை அந்த ஒருவரின் பிரச்சினையாக விட்டுவிடமாட்டோம். அவருக்காகச் சங்கம் முழுவதும் நிற்கும்.