கறுப்பாக வருகிறது என்று கைகழுவலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வாசித்த பிறகு திட்டுவதென்றால் திட்டுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர் வாசித்துவிடுங்கள்.

ஞாயிறு அஸருக்குப் பிறகு நமது பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி இருக்கிறது: "பாவனைக்கு உதவாத கணினிகளை அகற்றுதல்." பார்த்தால் சாதாரண வரிதான். மேல்மாடி அறையில் தூசு பிடித்துக் கிடக்கும் பழைய பெட்டிகள் இரும்புக் கடைக்குப் போகும், இடம் மிஞ்சும், புதிய மேசை போடலாம். எல்லாருக்கும் சந்தோஷம்.

எனக்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில் நமது பாடசாலையின் சேர்வு இடாப்பு இருக்கிறது. 1998 அளவில் இங்கே கற்பித்த ஒரு கணித ஆசிரியர், யாரும் கேட்காமல், சம்பளமும் வாங்காமல், பொக்ஸ்புரோவில் எழுதிய சின்ன மென்பொருள் அது. திறந்தால் திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, சேர்ந்த திகதி, முன்பு படித்த பாடசாலை, விலகிய திகதி. பழைய இடாப்புப் புத்தகங்களைப் பார்த்து, உயர்தரப் பிள்ளைகளை வைத்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து பதிந்தார்கள்.

அந்தப் புத்தகங்கள் இப்போது எங்கே? 2004 டிசம்பர் 26 அன்று கீழ்மாடி அலுவலகத்துக்குள் கடல் வந்தது. அலுமாரியோடு கொண்டுபோனது. மேல்மாடியில் இருந்ததால் அந்தக் கணினி மட்டும் தப்பியது. ஆக, 2004க்கு முன் இங்கே படித்தவர்கள் அனைவருக்கும் இந்த ஊரில் மிச்சமிருக்கும் ஒரே சேர்வு இடாப்பு, இரும்புக் கடைக்குப் போகவிருக்கும் அந்தப் பெட்டிதான்.

"என்ன சேர், அந்தப் பழைய பெட்டிய இன்னும் வெச்சிரிக்கீங்க?" என்று என்னைக் கேட்கும் நானாமார் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

போன மாதம் ஒரு சகோதரி வந்தார். தொண்ணூறுகளில் நம்மிடம் படித்தவர். விடுகைப் பத்திரம் தொலைந்துவிட்டது, வேலை ஒன்றுக்கு அவசரம். அலுவலகத்தில் "இடாப்பு கடலோடு போயிட்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டு படியிறங்கியவரை நிறுத்தி, மேலே கூட்டிப்போய், பழைய கணினியை முடுக்கினேன். மூன்றாவது முயற்சியில்தான் எழுந்தது. பெயரை அடித்ததும் அவருடைய பதிவு வந்தது. திரையில் தன் வாப்பாவின் பெயரைக் கண்டு அவர் நின்ற நிலையை நான் மறக்கமாட்டேன்.

அடுத்து நான் செய்தது மடத்தனம். போனை எடுத்து மொனிட்டரைப் படம் பிடித்தேன். வட்ஸ்அப்பில் அதிபருக்கு அனுப்பினேன். பழைய மொனிட்டர் அல்லவா, படம் முழுக்கக் கோடு கோடாக இருந்தது, ஜன்னல் வெளிச்சம் வேறு. சேர்வு இலக்கத்தின் நடுவில் இருப்பது 3ஆ 8ஆ என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் அதிபர். அவர் செய்ததுதான் சரி. திரும்பவும் மேலே போய், திரும்பவும் அந்தக் கிழட்டு இயந்திரத்தைக் கெஞ்சி எழுப்ப வேண்டி வந்தது.

அன்றுதான் யோசித்தேன். நாளை அது எழும்பாவிட்டால்?

இந்தப் பேச்சை எடுத்தபோது எனக்குக் கிடைத்த பதில்கள் நாலு. நாலுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலாவது: "புதுக் கணினியில அது ஓடாது சேர்." உண்மை, நேரடியாக ஓடாது. டொஸ் காலத்து மென்பொருள்கள் 16 பிட். இன்றைய 64 பிட் விண்டோஸில் அவற்றை ஓட்டும் பகுதியே இல்லை. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். அதற்காக முடியாது என்று ஆகிவிடாது. டொஸ்பொக்ஸ் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. புதுக் கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியைப் போல நடித்துக் காட்டும். நமது இடாப்பு அதற்குள் ஓடுகிறது. நான் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது: "ஸ்கிரீன்ஷொட் எடுத்தா கறுப்பாத்தான் வருது." இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள். பழைய முழுத்திரை மென்பொருள்கள் பல விண்டோஸிடம் கேட்டுப் படம் வரைவதில்லை. திரையைத் தாமே நேரடியாகக் கைப்பற்றிக்கொள்ளும். பிரின்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தும்போது விண்டோஸ் தன்னிடம் உள்ள படத்தைத்தான் கொடுக்கும். தன்னிடம் இல்லாததை எப்படிக் கொடுக்கும்? அதனால்தான் கறுப்பு. சிலவேளை படம் வந்தாலும் நிறங்கள் குழம்பிவிடும், ஏனென்றால் அந்தக் காலத்து 256 நிற முறையில் எந்த இலக்கம் எந்த நிறம் என்ற அட்டவணையும் மென்பொருளின் கையில்தான் இருந்தது. வெறும் டொஸ் என்றால் கதையே வேறு: அங்கே பிரின்ட் ஸ்கிரீன் என்றால் உண்மையாகவே பிரின்டருக்கு அனுப்பு என்றுதான் அர்த்தம்.

அப்படியானால் வழி என்ன? உள்ளே நின்று எடுக்க முடியாவிட்டால் வெளியே நின்று எடுப்பது. டொஸ்பொக்ஸில் கொன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எப்5 ஐ அழுத்துங்கள். படம் பி.என்.ஜி கோப்பாகத் தானாகச் சேமிக்கப்படும். ஓல்ட் விசையோடு என்டரை அழுத்தினால் முழுத்திரை சின்ன ஜன்னலாக மாறும். விண்டோஸ் 98 காலத்துப் பாட இறுவட்டுகள் என்றால் வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற ஒன்றுக்குள் பழைய விண்டோஸை நிறுவி ஓட்டலாம். உள்ளே இருக்கும் மென்பொருள் முழுத்திரையையும் ஆள்வதாக நினைத்துக்கொண்டிருக்கும். நமக்கோ அது ஒரு ஜன்னல், வெளியிலிருந்து படம் எடுக்கும் வசதி அதிலேயே உண்டு. இதற்கு இன்ஜினியர் வேண்டாம். சாதாரண தரத்துக்கு தகவல் தொழினுட்பம் படிக்கும் நம் பிள்ளைகளே போதும்.

மூன்றாவது, கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது: "தரவுக் கோப்ப எக்செல்ல திறக்கலாம்தானே, ஸ்கிரீன்ஷொட் என்னத்துக்கு?" நல்ல கேள்வி. டி.பி.எப் கோப்பை எக்செல்லிலும் திறக்கலாம், லிப்ரே ஒபிஸிலும் திறக்கலாம். நானும் திறந்தேன். அந்தச் சகோதரியின் வரிசையில் ஒரு கட்டத்தில் "3" என்று மட்டும் இருந்தது. மூன்று என்றால் என்ன? எக்செல்லுக்குத் தெரியாது. மென்பொருளைத் திறந்து பார்த்தால்தான் தெரிகிறது: "பாடசாலை மாறிய காரணம்: இடப்பெயர்வு." தரவு கோப்பில் இருக்கிறது, அதன் அர்த்தம் திரையில்தான் இருக்கிறது. எழுதிய ஆசிரியர் மவுத்தாகிவிட்டார். அவருடைய தலைக்குள் இருந்ததில் நமக்கு மிஞ்சியிருப்பது அந்தத் திரைகள் மட்டும்தான். ஆயிரக்கணக்கான பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் படம் எடுக்கச் சொல்லவில்லை. பிரதான பட்டியல், பதிவுப் படிவம், குறியீட்டு அட்டவணைகள், அறிக்கைகள், சரிபார்க்கச் சில மாதிரிப் பதிவுகள். ஒரு பின்னேர வேலை.

நாலாவது: "இதெல்லாம் யாருக்கு நேரம்?" இதற்கு மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட நம் மக்கள், காணி உறுதியும் சான்றிதழும் எடுக்க நேரமில்லாமல் வந்தார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே நேரம் இருக்கவில்லை. சுனாமி வந்த காலையிலும் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. இன்று நமக்கு ஞாயிறு வரை நேரம் இருக்கிறது. மின்சாரம், புதிய கணினி, படித்த பிள்ளைகள் எல்லாம் இருக்கின்றன. இல்லாதது அக்கறை ஒன்றுதான். ஆவணம் இல்லாமல் அலைந்த சமூகம், கையில் இருக்கும் ஆவணத்தை நிறை போட்டு விற்பதை நான் எந்தப் பெயரில் அழைக்க?

என்னையும் சேர்த்துத்தான் பேசுகிறேன். அந்த அறையின் சாவி பல வருடமாக என்னிடம்தான் இருந்தது. "ஒருநாள் செய்வோம்" என்று நானும் கடத்தினேன்.

ஆகவே கூட்டத்தில் நான் கேட்கப்போவது இவை. பெட்டிகளை விற்பதாக இருந்தால் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வன்தட்டுகளைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய வன்தட்டை யூ.எஸ்.பியில் இணைக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் முதலில் பிரதி எடுக்க வேண்டும். மூலத்தில் கைவைக்காமல் பிரதியில் மட்டுமே வேலை செய்ய வேண்டும். டொஸ்பொக்ஸ் விளையாட்டுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது, அதனால் அதில் பார்ப்போம், படம் எடுப்போம், புதிய பதிவுகள் போடமாட்டோம். படங்கள் பி.என்.ஜியாகவே இருக்க வேண்டும், வட்ஸ்அப்பில் போட்டுச் சுருக்கிய படங்கள் வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் அது எந்தத் திரை என்று பெயர் எழுத வேண்டும். மூன்று பிரதிகள்: ஒன்று அதிபரிடம், ஒன்று மேல்மாடியில், ஒன்று கடலுக்குத் தூரத்தில் வேறு ஊரில்.

இன்னொன்று. அவற்றில் இருப்பது நம் சகோதரிகளின், பிள்ளைகளின் சொந்த விபரங்கள். ஒரு படம்கூட எந்தக் குழுமத்திலும் வரக்கூடாது. இது அமானிதம்.

ஸ்கிரீன்ஷொட் சட்டபூர்வமான பத்திரம் என்று நான் சொல்லவில்லை. அதிபர் கையெழுத்திடும் முன் ஒப்பிட்டுப் பார்க்கத் தெளிவான ஒன்று வேண்டும் என்கிறேன். அந்தச் சகோதரிக்குக் கடைசியில் விடுகைப் பத்திரம் கிடைத்தது அப்படித்தான். டொஸ்பொக்ஸில் எடுத்த ஒரே ஒரு படம். இலக்கம் 8.

2004க்கு முன் படித்தவர்களே, உங்கள் பெயரும் அதற்குள்தான் இருக்கிறது. ஞாயிறு அஸருக்குப் பிறகு வாருங்கள். வர முடியாதவர்கள் சங்க உறுப்பினர்களோடு பேசுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தக் கருவிக்கான செலவைப் பற்றி யோசியுங்கள், பெரிய காசு இல்லை.

வஸ்ஸலாம்.